செவ்வாய்க்கிழமை, பகல் பதினொரு மணி

நான் கண்விழித்தபோது அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சமையலறை வாசலில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, மடியில் ஒரு பலகையை நிமிர்த்தி வைத்திருந்தார். விரல்கள் முழுக்கக் கரி. என் முகத்தைப் பார்ப்பார், குனிந்து பலகையில் ஏதோ இழுப்பார், மறுபடி நிமிர்ந்து பார்ப்பார். நான் விழித்துவிட்டேன் என்று தெரிந்ததும் திருட்டுத்தனமாக எதையோ செய்து பிடிபட்டவர் போலப் பலகையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "எந்திரிச்சிட்டீங்களா தம்பி, காப்பி வெக்கட்டுங்களா?" என்றார். சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று. கிழமை செவ்வாய். வேலைவெட்டி உள்ளவன் எவனும் தூங்காத நேரம். அந்தக் காலையை நினைத்தால் எனக்கு முதலில் வருவது வெட்கம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

ஜெர்சி சிட்டியில், ஜர்னல் ஸ்கொயருக்குப் பக்கத்தில் ஒரே ஒரு படுக்கையறை கொண்ட வீடு அது. என் பெரியப்பா மகன், நான் அண்ணன் என்று அழைப்பவர், ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் ஒப்பந்த வேலையில் இருந்தார். தினமும் காலையில் ரயிலேறி மன்ஹாட்டனுக்குப் போவார். இரண்டாயிரத்து ஒன்றாம் ஆண்டின் தொடக்கத்தில் எங்களைப் போன்றவர்களின் வேலைகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. என்னைக் கூட்டிவந்த கம்பெனி ஜனவரியில் இழுத்து மூடப்பட்டது. இன்னொரு சிறிய கன்சல்டன்சிக்காரர் என் விசாவைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்வதாகவும், மனு போட்டுவிட்டதாகவும், நல்ல ப்ராஜெக்ட் கிடைக்கும்வரை காத்திருக்கும்படியும் சொன்னார். அந்தக் காத்திருப்புக்கு எங்கள் ஆட்கள் வைத்திருந்த பெயர் பெஞ்ச். உட்கார ஒரு பெஞ்சுகூட இல்லாதவர்கள் நாங்கள். அண்ணன் வீட்டுக் கூடத்துத் தரையில் படுத்திருந்தோம். என்னோடு அதே முதலாளியை நம்பிக்கொண்டிருந்த ஒரு மதுரைக்காரரும் ஒரு நாகர்கோவில்காரரும் இருந்தார்கள். இரண்டு வாரம் என்று வந்தவர்கள், மூன்று மாதம் ஆகியும் கிளம்பவில்லை.

எங்கள் முதலாளி தொலைபேசியில் மூன்று கட்டளைகள் போட்டிருந்தார். வார நாட்களில் பகலில் வெளியே சுற்றாதே. யாராவது கதவைத் தட்டினால் திறக்காதே. எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதே. நாங்கள் கனெக்டிகட்டில் ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் வேலை செய்துகொண்டிருப்பதாக மனுவில் எழுதியிருக்கிறாராம். எங்களுக்கோ கனெக்டிகட் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. வேலையில்லாமல் நாட்டுக்குள் இருப்பது தெரிந்தால் இமிக்ரேஷன்காரர்கள் விமானம் ஏற்றிவிடுவார்கள் என்ற பயம் எங்கள் வயிற்றில் நிரந்தரமாகக் குடியிருந்தது. விழித்திருந்தால் பயப்பட வேண்டியிருக்கும் என்பதால் தூங்கினோம். காலையில் அண்ணன் வேலைக்குப் போவதற்கு வசதியாகச் சுவரோரம் ஒற்றையடிப் பாதை ஒன்றை விட்டுவிட்டுத்தான் படுப்போம். அவர் போன கொஞ்ச நேரத்தில், தூக்கத்திலேயே உருண்டு அந்தப் பாதையையும் அடைத்துவிடுவோம்.

அதனால் அண்ணிதான் மாட்டிக்கொண்டார். சமையலறையிலிருந்து வாசற்கதவுக்கோ படுக்கையறைக்கோ போக வேண்டுமானால் எங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். படுத்திருக்கிற மனிதரைத் தாண்டக்கூடாது என்று வளர்ந்தவர் அவர். விருந்தாளியை எழுப்புவதும் அவருக்குத் தெரியாத காரியம். கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக்காரர், வயதில் சின்னவனான என்னைக்கூட "வாங்க, போங்க" என்றுதான் பேசுவார். அண்ணனுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பாதை இருக்காது. நாங்கள் எழுந்திருக்கும்வரை அந்தச் சின்னச் சமையலறைக்குள்ளேயே மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம் சிறை. பாத்திரம் உருட்டினால் எங்கள் தூக்கம் கெட்டுவிடும் என்று அதையும் செய்ய மாட்டார். அப்படி உட்கார்ந்திருந்த நேரத்தில்தான் எங்களை வரைய ஆரம்பித்திருக்கிறார்.

ஊரில் தாவரவியல் படித்தவர். வகுப்பில் பாதிப் பேருடைய ரெக்கார்டு நோட்டில் இலையும் வேரும் வரைந்து கொடுத்தது தான்தான் என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அண்ணனைச் சார்ந்து வந்தவர் என்ற விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லை; படிக்க மட்டும் அனுமதி உண்டு. பஸ்ஸில் போகும் தூரத்தில் இருந்த ஒரு கல்லூரியின் ஓவியப் பிரிவில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மதியத்துக்கு மேல்தான் வகுப்பு என்பதால் எங்கள் தூக்கம் படிப்பைக் கெடுக்கவில்லை, அந்த மட்டும் பிழைத்தோம். சார்கோல் என்கிற கரிக்குச்சியால்தான் பெரும்பாலும் வரைவார். தவறாக விழுந்த கோட்டை ரொட்டியின் நடுப்பகுதியைப் பிய்த்து உருட்டி அழிப்பார். மிஞ்சிய ஓரங்களை வெங்காயம் போட்டு உப்புமாவாக்கி எங்களுக்குப் போடுவார். என் படத்தை அழித்த ரொட்டியின் மிச்சத்தை நானே சாப்பிட்டிருக்கிறேன் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்தக் கல்லூரியில் ஓவிய மாணவர்களுக்கென்று கௌரவ சங்கம் ஒன்று இருந்தது. பெயர் கிரேக்க எழுத்துகளில் இருக்கும். அண்ணன் அதைக் "கிரேக்க சங்கம்" என்றே சொல்வார். நல்ல மதிப்பெண்ணும் பேராசிரியரின் பரிந்துரையும் இருந்தால்தான் வாசலையே மிதிக்க முடியும். அதன்பிறகு, வகுப்புக்காக இல்லாமல் தானாக, ஒரே விஷயத்தைப் பற்றி வரைந்த ஐந்து படங்களை மூன்றாம் மாடி நடையில் ஒரு வாரம் மாட்ட வேண்டும். படத்தின் கீழே வரைந்தவர் பெயர் இருக்காது. உறுப்பினர்கள் வந்து பார்த்து, வெள்ளிக்கிழமை மாலை வாக்களிப்பார்கள். தேர்வானவர்களுக்கு ஒரு சான்றிதழ் உண்டு. அதைவிட முக்கியமாக, அதே மாடியில் இருந்த ஸ்டுடியோவின் சாவியும், அங்கே ஜன்னலோரம் ஒரு மேசையும் உண்டு. எப்போது வேண்டுமானாலும் போகலாம், வரையலாம், பூட்டிக்கொண்டு வரலாம். பேராசிரியர் அண்ணியின் பெயரைப் பரிந்துரைத்த அன்று வீட்டில் பால்பாயசம்.

"நமக்குன்னு ஒரு மேசைங்க தம்பி. அங்க ஆரும்..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். ஆரும் படுத்திருக்க மாட்டார்கள் என்று சொல்ல வந்திருக்கிறார். எங்கள் மனம் புண்படுமே என்று விழுங்கிவிட்டார். கொஞ்சம் பொறுத்து வேறு விதமாகச் சொன்னார். "இந்த ஊர்ல என் பேர்ல ஒண்ணுமே இல்லைங்க. வீட்டு அக்ரிமென்ட்ல இல்ல, கரண்டு பில்லுல இல்ல, பேங்குல இல்ல. எங்க போனாலும் டிபென்டன்ட், டிபென்டன்ட்டுங்கறாங்க. ஒரு தடவையாச்சும் என் பேருக்குன்னு ஒரு கடுதாசி வரோணுமுங்க." அண்ணனின் ப்ராஜெக்ட் ஜூனில் முடிகிறது, நீட்டிக்க மாட்டார்கள் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. முடிந்தால் ஊருக்குத்தான் போக வேண்டும். இந்த ஒரு வசந்தம்தான் அவருக்கு இருந்தது. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அவர் கொடுத்த ஐந்து படங்களிலும் நாங்கள்தான். தரைமட்டத்துக்குச் சற்று மேலே, எப்போதும் ஒரே இடத்திலிருந்து பார்த்தது போல, கூடம் முழுக்க நீண்டு கிடக்கும் மூன்று ஆண்கள். ஏன் எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து வரைந்தாய், அது மிகவும் அருமையான யோசனை என்று பேராசிரியர் வியந்தாராம். தாண்ட முடியாமல் உட்கார்ந்திருந்தேன் என்று அந்த அம்மாளுக்கு எப்படி விளக்குவது என்று தெரியாமல் அண்ணி தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கிறார். வெளிச்சம் எந்த நேரத்தினுடையது என்று குறிப்பது அவருடைய வழக்கம். ஒவ்வொரு படத்தின் அடியிலும் தேதியும், கிழமையும், மணியும் ஆங்கிலத்தில் சுத்தமாக எழுதியிருந்தார். என் முகம் பெரிதாக விழுந்திருந்த படத்தில், செவ்வாய்க்கிழமை, பகல் பதினொரு மணி.

படங்களைத் திங்கட்கிழமை மாட்டினார்கள். அன்றைக்கே அண்ணி மூன்று தாள்களோடு வீட்டுக்கு வந்தார். அடையாளம் தெரிகிற மாதிரி யாரையாவது வரைந்திருந்தால் அவருடைய எழுத்து மூலமான சம்மதம் வேண்டுமாம். முந்தைய வருடம் யாரோ தன் முகத்தைச் சுவரில் பார்த்துவிட்டுச் சண்டை போட்டதால் வந்த விதி. இந்தப் படத்தில் இருப்பது நான்தான், இதைக் காட்சிக்கு வைக்க எனக்குச் சம்மதம். பெயர், முகவரி, கையெழுத்து, தேதி. அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் மூன்று தாளும் போய்ச் சேர வேண்டும். "கேக்காம வரைஞ்சது என் தப்புதானுங்க" என்று ஆரம்பித்தார் அண்ணி. மதுரைக்காரர் அவரை மேலே பேசவே விடவில்லை. "நம்ம மூஞ்சியையும் ஒருத்தர் மதிச்சு வரைஞ்சிருக்காங்க, இதுக்குப் போயி சம்மதமா அண்ணி" என்று சிரித்தபடி முதலில் கையெழுத்துப் போட்டார். நாகர்கோவில்காரர் இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுப் போட்டார். நான் மட்டும், "காலையில போட்டுத் தர்றேனுங்க அண்ணி" என்றேன்.

காலையில் நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. முதலாளிக்குப் போன் போட்டேன். ஒரு படத்துக்குச் சம்மதம் கொடுக்கலாமா என்று அவரிடம் அனுமதி கேட்டேன். பள்ளிக்கூடப் பையன் ஒன்றுக்குப் போகலாமா சார் என்று கேட்பதைப் போல. எங்கள் கூட்டத்தைத் தவிர உலகத்தில் வேறு யாருக்கும் இப்படி ஒரு புத்தி வராது. விசா எவன் கையில் இருக்கிறதோ அவனிடம் மூச்சுவிடவும் அனுமதி கேட்கப் பழகியிருந்தோம். மறுமுனையில் அவர் கத்தியது கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. "டேய், மூளை இருக்காடா உனக்கு? நீ க்ளையன்ட் சைட்ல இருக்கேன்னு நான் பேப்பர் குடுத்திருக்கேன். நீ செவ்வாக்கெழமை பதினொரு மணிக்கு ஜெர்சி சிட்டில படுத்துத் தூங்கறேன்னு டேட் போட்டு, டைம் போட்டு, அட்ரஸ் போட்டு சைன் வேற பண்ணித் தருவியா? எவனாவது ஒருத்தன் எடுத்து இமிக்ரேஷனுக்கு அனுப்பினா மூணு பேரும் அடுத்த ஃப்ளைட்டுதான். அப்புறம் எங்கிட்ட வந்து அழாத."

நான் போனை வைத்ததும் மதுரைக்காரர் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். மதியம் அண்ணி கல்லூரிக்குக் கிளம்பும்போது அவர்தான் தயங்கித் தயங்கி வந்தார். "அண்ணி, தப்பா நெனச்சுக்கிராதீக. ஊர்ல தங்கச்சிக்கு மாப்பிள்ளை பேசிட்டாங்க. இப்பப் போயி நான் திரும்பி நின்டேன்னா... அந்தப் பேப்பர மட்டும் குடுத்துருங்க." நாகர்கோவில்காரர் கையை மட்டும் நீட்டினார். அண்ணி பையிலிருந்து இரண்டு தாளையும் எடுத்துக் கொடுத்தார். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். ஏதாவது வழி சொல்லுங்களேன் என்று கேட்கிற பார்வை அது. நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

புதன், வியாழன் இரண்டு நாளும் அண்ணி ஆளே மாறிப் போனார். சாம்பாரில் உப்பு இல்லை; அதை யாரும் சொல்லவுமில்லை. தேதியை அழித்துவிட்டால் கையெழுத்துப் போடுவீர்களா என்று என்னிடம் கேட்டார். முகவரி இருக்கிறதே என்றேன். ஊர் முகவரியைப் போடுங்கள் என்றார். முகம் இருக்கிறதே என்றேன். அவர் ஒவ்வொரு கதவாகத் தட்டத் தட்ட நான் உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டே இருந்தேன். வியாழக்கிழமை மாலை அண்ணன் வேலையிலிருந்து களைத்து வந்து உட்கார்ந்ததும் அவரிடம் சொல்லிப் பார்த்தார். அண்ணன் நல்லவர்தான், மூன்று பேருக்கு மாதக்கணக்கில் சோறு போடுகிறவரைக் கெட்டவர் என்று யார் சொல்வது? ஆனால் அவருக்கு அவருடைய ஜூன் மாதக் கவலை. "பசங்க பொழப்போட வெளையாட முடியுமா? வேற படம் எதாச்சும் குடேன். ஒரு கோலம் கீலம் வரைஞ்சு குடுத்தா வெள்ளைக்காரங்க ரசிப்பாங்கல்ல" என்றார். அண்ணி எழுந்து குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. எதற்காக என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினோம்.

வெள்ளிக்கிழமை காலை, படங்களைத் திருப்பி எடுத்துவர வேண்டும், ஐந்தும் பெரிய சட்டங்கள், தூக்குவதற்கு ஆள் வேண்டும் என்றார். நான் போனேன். மனத்துக்குள் பிராயச்சித்தம் என்று பெயர் வைத்துக்கொண்டு போனேன். முதலாளியின் முதல் கட்டளையை அன்றைக்குத்தான் மீறினேன், சுமை தூக்குவதற்கு. மூன்றாம் மாடி நடையின் இரண்டு பக்கமும் படங்கள். பழங்கள், பாலங்கள், யாருடைய காதலியோ, யாருடைய நாயோ. நடுவில் ஒரு சுவருக்கு முன்னால் மட்டும் ஏழெட்டுப் பேர் பேச்சில்லாமல் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுடைய தோள்களுக்கு மேலாக நான் என்னைப் பார்த்தேன்.

அதுவரை அந்தப் படத்தை நான் முழுதாகப் பார்த்ததில்லை. சோம்பேறிகளை வரைந்திருப்பார், சிரிப்பார்கள் என்று எனக்குள் ஒரு எண்ணம் இருந்தது. அப்படி எதுவும் இல்லை. என் வாய் லேசாகத் திறந்திருந்தது. நெற்றி சுருங்கியிருந்தது. தூக்கத்திலும் என் வலதுகை போர்வையின் ஓரத்தை இறுக்கிப் பிடித்திருந்தது. யாரோ அதைப் பிடுங்கப் போகிறார்கள் என்பதைப் போல. நான் பயந்துபோய்க் கிடக்கிறேன் என்பதை இந்த நாட்டில் கவனித்த ஒரே ஆள் அண்ணிதான். என் அம்மாவுக்குக்கூட நான் போனில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். இதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் குறிப்பை எழுதுவதிலேயே அர்த்தமில்லை: அந்தப் படம் நன்றாக இருந்தது. மிகவும் நன்றாக இருந்தது. அது தெரிந்த பிறகுதான் நான் மற்றதைச் செய்தேன்.

சங்கத்தின் தலைவி ஒரு மாணவி, இருபது இருபத்தொரு வயதிருக்கும், காதில் வரிசையாக வளையம். கூட்டத்தில் என்னைப் பார்த்தவள் படத்தைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. இவர் நீங்கள்தானே என்றாள். அண்ணி நிலைமையை அவளிடம் ஏற்கெனவே சொல்லியிருக்க வேண்டும். கையிலிருந்த அட்டையில் ஒரு புதுத் தாளைச் செருகி, பேனாவையும் சேர்த்து என் பக்கம் நீட்டினாள். உங்கள் ஒருவர் கையெழுத்து இருந்தால் போதும், மற்ற இருவருக்கும் திங்கள்வரை நேரம் வாங்கித் தருகிறேன், வாக்கெடுப்பில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றாள். அண்ணி என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். இரண்டு கைகளையும் கோத்துப் பிடித்திருந்தார். நான் போட்டிருந்தால் மதுரைக்காரரும் போட்டிருப்பார், அவரைப் பார்த்து நாகர்கோவில்காரரும் போட்டிருப்பார். அவர்கள் என்னைப் பார்த்துத்தான் பின்வாங்கினார்கள். நான் அந்தப் பெண்ணிடம் ஆங்கிலத்தில், தெளிவாக, "அது நான் இல்லை" என்றேன்.

அவள் நம்பவில்லை. நம்புகிற மாதிரியா இருந்தது? ஆனால் நல்ல பெண். ஒரு கணம் யோசித்துவிட்டு அண்ணியிடம் திரும்பி, முகங்களை மட்டும் மறைத்துவிடு, கரிதானே, போர்வையை முகத்துக்கு மேலே இழுத்துவிட்டது போல வரைந்துவிட்டால் யாருடைய சம்மதமும் தேவையில்லை, இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்றாள். அண்ணியின் முகத்தில் உயிர் வந்தது. அவசர அவசரமாகச் சட்டத்தின் பின்பக்கத்தைக் கழற்றினார். அந்தப் பெண் ஒரு கரிக்குச்சி கொடுத்தாள். தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, என் படத்தில் மார்பளவில் நின்றிருந்த போர்வையின் கோட்டை மேல்நோக்கி இழுத்தார். கழுத்து மறைந்தது. தாடை மறைந்தது. மூக்குக்குப் பக்கத்தில் வந்ததும் கை நின்றுவிட்டது.

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துத் தமிழில் சொன்னார். "முகத்த மூடிட்டா பொணமுங்க தம்பி. மூணு பேரும் வரிசையா... உசுரோட இருக்கறவங்கள, என் ஊட்டுல சாப்பிட்டுட்டு இருக்கறவங்கள, நான் எப்படிங்க மூடறது?" பைக்குள் துழாவி, பொட்டலத்தில் கொண்டுவந்திருந்த ரொட்டியை எடுத்து, புதிதாக இழுத்த கோட்டை அழிக்க ஆரம்பித்தார். என் தாடையும் கழுத்தும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன ஆயிற்று, ஏன் நிறுத்திவிட்டாள் என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். அண்ணிக்கு அதை ஆங்கிலத்தில் சொல்லத் தெரியாது. எனக்குத் தெரியும். இரண்டே வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்தப் பெண் ஏதாவது செய்திருப்பாள் என்றுகூடச் சில சமயம் தோன்றுகிறது. நான் சட்டங்களைச் சுவரிலிருந்து இறக்கத் தொடங்கினேன். அடுத்த வசந்தத்தில் கட்டாயம் முயற்சி செய் என்று அவள் அண்ணியின் தோளைத் தொட்டுச் சொன்னாள். அண்ணி நன்றி சொன்னார்.

பஸ்ஸில் இரண்டு சட்டங்களை அவரும் மூன்றை நானும் மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு வந்தோம். வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவி, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, தோசைக்கல்லை அடுப்பில் வைத்தார். எனக்கு ஐந்தாவது தோசை வேண்டுமா என்று வழக்கம்போலக் கேட்டார். வேண்டும் என்றேன், தின்றேன். படங்கள் கட்டிலுக்கு அடியில் போயின. அடுத்த வாரத்திலிருந்து நாங்கள் விடியற்காலையில் எழுந்து போர்வைகளை மடித்து வைக்க ஆரம்பித்தோம். எட்டு மணிக்கெல்லாம் கூடம் காலியாகக் கிடந்தது. அண்ணி வரைவதை விட்டிருந்தார்.

ஜூனில் அண்ணனின் ப்ராஜெக்ட் முடிந்தது. சொன்னபடியே நீட்டிக்கவில்லை. இருவரும் ஊருக்குக் கிளம்பினார்கள். ஐந்து சட்டங்களும் பெட்டியில் கொள்ளவில்லை. என்ன செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை. ஆகஸ்டில் எனக்கு வேறொரு கம்பெனியில் வேலை கிடைக்கிற மாதிரி இருந்தது. அவர்களுடைய வக்கீல் என் பழைய மனுவின் ரசீது எண்ணைக் கேட்டார். முதலாளி இன்று தருகிறேன், நாளை தருகிறேன் என்றார், பிறகு போனை எடுப்பதை நிறுத்தினார். வக்கீலே எழுதி விசாரித்தார். என் பெயரில் மனு எதுவும் வரவில்லை என்று பதில் வந்தது. மதுரைக்காரர் பெயரிலும் இல்லை, நாகர்கோவில்காரர் பெயரிலும் இல்லை. கனெக்டிகட்டும் இல்லை, காப்பீட்டுக் கம்பெனியும் இல்லை. அந்த ஆள் ஒரு தாளைக்கூட அனுப்பியிருக்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை நான் அண்ணியைப் பலிகொடுத்துக் காப்பாற்றிய விஷயம் அன்றைக்கு இருக்கவே இல்லை. ஜனவரியிலிருந்தே நான் காப்பாற்றுவதற்கு எதுவும் மிச்சமில்லாதவனாகத்தான் அந்தக் கூடத்தில் படுத்திருந்தேன். அந்த மாதமே நானும் விமானம் ஏறினேன். ஊரில் எல்லோரிடமும் ப்ராஜெக்ட் முடிந்து திரும்பியதாகச் சொல்லிக்கொண்டேன்.

பல வருடங்கள் கழித்து ஒழுங்கான கம்பெனி, ஒழுங்கான காகிதங்களோடு திரும்பி வந்தேன். இப்போது டெக்சாஸில், ஃபிரிஸ்கோவில் இருக்கிறேன். நான்கு படுக்கையறை, யாரும் படுக்காத ஒரு பெரிய கூடம். க்ரீன் கார்டு வந்தது, பிறகு குடியுரிமையும் வந்தது. கையெழுத்துப் போடச் சொன்ன இடத்திலெல்லாம் தயங்காமல் போட்டுவிட்டு வருகிறேன். அப்படி ஒவ்வொரு முறை போடும்போதும் அண்ணி கைகளைக் கோத்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறார். நான் சுகமாக இருப்பதை என்னாலேயே பொறுத்துக்கொள்ள முடியாமல் போன ஒரு விடுமுறையில், கோபிக்குப் போய் அண்ணியைப் பார்ப்பது, எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று முடிவு செய்தேன்.

அண்ணன் வெளியே போயிருந்தார். அண்ணிக்குத் தலை பாதி நரைத்திருந்தது. பழையபடியே "வாங்க தம்பி" என்றார், காப்பி கொடுத்தார், குழந்தைகளைப் பற்றி விசாரித்தார். சுவர்களைப் பார்த்தேன், காலண்டரைத் தவிர ஒரு படமும் இல்லை. வரைகிறீர்களா என்று கேட்டதற்கு, "அதெல்லாம் அங்கயே போச்சுங்க" என்று சாதாரணமாகச் சொன்னார். குரலில் வருத்தமே இல்லை. எனக்கு அதுவே தாங்கவில்லை. ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். அன்றைக்கு உங்களைக் கைவிட்டது நான்தான் அண்ணி, அந்தப் பெண்ணிடம் பொய் சொன்னேன், எந்த மனுவுக்காகப் பயந்தேனோ அப்படி ஒரு மனுவே இல்லை, அந்த ஆள் போடவே இல்லை, எங்கள் மூன்று பேருக்குமே போடவில்லை என்றேன். சொல்லி முடித்தபோது நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது நிஜம். வெட்கமில்லாமல் அதையும் சொல்லிவிடுகிறேன்.

அண்ணி, முதல் முறை சரியாகக் காதில் வாங்கவில்லை என்பதைப் போல மெதுவாகக் கேட்டார்.

"அப்ப நீங்க கையெழுத்துப் போட்டிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காதுங்களா தம்பி?"

"ஆயிருக்காதுங்க அண்ணி."

அவர் முந்தானையை எடுத்துக் கைகளைத் துடைத்தார். ஈரமில்லாத கைகளை மறுபடியும் மறுபடியும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நம்ம படம் போனாப் போகுது, மூணு பேரு பொழப்பு நின்னுதுன்னு நெனச்சுத்தானுங்க இத்தன வருசம் இருந்தேன். அதையாச்சும் உட்டு வெச்சிருக்கலாமுங்க தம்பி."

சொல்லிவிட்டு என் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மன்னிப்பு என்ற வார்த்தையை அதன்பிறகு என்னால் சொல்ல முடியவில்லை.